மூன்றடிக்கு ஒரு மறுமொழி

கவிதை எழுதுபவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? கலைக்கா, கற்பவருக்கா, அன்றித் தான் எவரைப் பாடுகின்றானோ அவருக்கா? காப்பியங்களைப் பொறுத்தவரை இவ்வினா நம்மை வருத்துவதில்லை. அவற்றின் தலைவர்கள் நமக்கு விடை கூற வரமாட்டார்கள். ஆனால் ஹைக்கூ என்னும் மூன்றடிக் கவிதை இன்று நம் வீட்டு வாயிலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. தாயும் தந்தையும் அயலவரும் அதன் பாடுபொருள் ஆகின்றனர். அவர்கள் நம்மோடு ஒரே கூரையின் கீழ் உறங்குபவர்கள். ஆதலின் ஈண்டு எழுதுவது கலையாக மட்டும் நின்றுவிடாது, அறமும் ஆகின்றது.

தமிழுக்கு இவ்வடிவம் அறிமுகமாகி நூறாண்டுகளுக்கு மேலாகின்றது. கல்கத்தாவின் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் உயோனே நொகுச்சி எழுதியதைப் படித்த பாரதியார், 1916ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’ ஆகிய தொகுதிகள் தமிழகத்தில் வெளிவந்தன. நம் நாட்டில் 1988இல் சு. முரளிதரனின் ‘கூடைக்குள் தேசம்’ மலையகத்தின் வாழ்வை இவ்வடிவத்தில் தந்தது. அடிச்சுருக்கமும் நமக்குப் புதிதன்று. ஐங்குறுநூற்றுப் பாடல்களின் சிற்றெல்லை மூன்றடியே. சிந்தியல் வெண்பாவும் மூன்றடியால் அமைவதே.

எனின், ஹைக்கூவிடம் நாம் கற்க வேண்டியது யாது? அதன் பிறப்பை நோக்கின் விடை கிடைக்கும். ஜப்பானில் ‘ரெங்கா’ என்னும் தொடர்கவிதை பலர் கூடிப் பாடுவது. ஒருவர் ஐந்து, ஏழு, ஐந்து என்னும் ஓசை அலகுகளில் ஒரு பகுதியைக் கூற, மற்றொருவர் ஏழு, ஏழு என இரு பகுதிகளால் அதனைத் தொடர்வார். பாஷோ (1644–1694) தம் மாணவரோடு முப்பத்தாறு கண்ணிகள் கொண்ட தொடர்களைப் பாடினார். அத்தகைய தொடரின் முதற் கண்ணியே பின்னர் தனித்து நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஷிக்கி அதற்கு ஹைக்கூ என்ற பெயரை நிலைபெறச் செய்தார். எனவே ஹைக்கூ தன் இயல்பிலேயே ஒரு தொடக்கம். இன்னொருவரின் குரலுக்கு இடம்விட்டு நிற்பது.

மனித உறவுகளைப் பாடும் ‘சென்ரியு’வின் வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. எடோ நகரில் இரு பகுதிகளைக் கொடுத்து, அதற்கேற்ற பதினேழு அலகுக் கண்ணியைப் பொதுமக்களிடம் கேட்கும் போட்டிகள் நடந்தன. அவற்றின் நடுவராக விளங்கிய கராய் சென்ரியு (1718–1790) தேர்ந்தவை 1765 முதல் தொகுதிகளாக வெளிவந்தன. அவர் பெயரே அக்கவிதைக்கும் பெயராயிற்று. நாம் அன்றாட வாழ்வைப் பற்றி எழுதி ஹைக்கூ என அழைப்பவற்றுட் பல உண்மையில் சென்ரியுவே. அது மறுமொழியாகவே பிறந்த கவிதை என்பது நினைக்கத்தக்கது.

இவற்றையெல்லாம் நான் நூல்களிற் படித்திருந்தேன். ஆயினும் இவற்றின் பொருளை எனக்கு உணர்த்தியது தெமட்டகொடையில் எங்கள் தோட்டத்துப் பொதுக் குழாயடியே. கொழும்பிலே தோட்டம் என்றால் மரஞ்செடிகள் நிறைந்த இடமன்று. சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பு வரிசை. அங்கே ஓர் அறையில் என் தந்தையும் நானும் வாழ்கின்றோம். தேயிலைக் கூடை சுமந்த தாயின் மகனாக மலையகத்திலிருந்து வந்த அவர், புறக்கோட்டையில் ஒரு களஞ்சியத்தின் இரவுக் காவலாளி. நான் எழும் வேளையில் அவர் வந்து, நான் படுத்த பாயிலேயே படுப்பார். அதனை இவ்வாறு எழுதினேன்:

இரவுக் காவல் முடிந்து
தந்தை சாய்கிறார்
என் பாயில் இன்னும் சூடு

நண்பர்கள் கூடிய ஒரு கவிதை அமர்வில் இதனைப் படித்தேன். கைதட்டல் எழுந்தது. மூன்றாம் அடியை ஒருவர் புகழ்ந்தார். பருவச்சொல் இல்லையாதலால் இது ஹைக்கூ ஆகாது என மற்றொருவர் வாதிட்டார். நான்கு பருவங்கள் இல்லாத நாட்டில் பருவச்சொல் எதற்கு என்று நானும் விடுவேனா? அரைமணி நேரம் விவாதம் நீண்டது. அவ்வளவு நேரத்திலும் என் தந்தை எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருகின்றார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

சில நாட்களின் பின் எம் அறைக்கு வந்த நண்பன் ஒருவன், தந்தையின் முன்னிலையிலேயே அவ்வடிகளைச் சொல்லிக் காட்டினான். அவர் சிரித்துவிட்டுக் கூறினார்: “நான் நாலரைக்கே வந்திருவேன், மகன். கதவத் தட்டினா நீ முழிச்சிருவன்னு பைப்படியில உட்கார்ந்திருப்பேன்.”

எத்தனை மாதங்கள் அவர் அவ்வாறு அமர்ந்திருந்தார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கள்வருக்கு அஞ்சி உள்ளிருந்து தாழிடுபவன் நான். பாயின் சூட்டைக் கண்ட என் கண், கதவுக்கு வெளியே இருந்த குளிரைக் காணவில்லை. என் மூன்று அடிகளும் பொய்யல்ல; ஆயினும் அவை பாதி உண்மை. மறு பாதி, எவரைப் பாடினேனோ அவரிடமே இருந்தது. ரெங்காவின் அடுத்த கண்ணியை, அக்கலையைக் கேள்வியுற்றேயிராத என் தந்தை கூறிவிட்டார்.

பிறர் துயரைப் பாடுதல் பிழையா என்ற ஐயம் இங்கு எழலாம். இஸ்ஸா 1819இல் தம் பெண்குழந்தையைப் பெரியம்மை நோய்க்குப் பறிகொடுத்து அத்துயரைப் பாடினார். பாஷோவின் மாணவர் ஹொகுஷி தம் வீடு எரிந்தபோது எழுதிய கவிதையைப் பாரதியாரும் தம் கட்டுரையில் எடுத்துக் காட்டுகின்றார். ஆனால் அவர்கள் எழுதியது தம் இழப்பை. நான் எழுதியதோ தந்தையின் களைப்பை. அதற்கான கைதட்டலைப் பெற்றுக்கொண்டவன் நான். உழைப்பு ஒருவருடையதாகவும் புகழ் மற்றொருவருடையதாகவும் அமையும்போது, எழுதியவனிடம் ஒரு கடன் எஞ்சுகின்றது. அகத்திணைப் பாடல்களில் எவரையும் பெயர் சுட்டலாகாது எனத் தொல்காப்பியர் விதித்தமையை இலக்கண விதியாக மட்டுமே இதுவரை கற்றேன். உறவின் அந்தரங்கத்தைக் காக்கும் ஒரு பண்பும் அதனுள் அடங்கியிருக்கின்றது என்று இப்பொழுது எண்ணுகின்றேன். ‘தந்தை’ என்று நான் எழுதும்போது பெயர் சொல்லாவிடினும் எங்கள் தோட்டமே அவரை அறியும்.

பாடப்படுபவர் அனைவரிடமும் இசைவு கேட்பின் இலக்கியமே அழிந்துவிடாதா என்பர் சிலர். அதிகாரம் உடையோரின் தீமையைச் சாடுவதற்கு அவர்களது இசைவு வேண்டியதில்லை. மறுத்துரைக்க அவர்களுக்கு எத்தனையோ மேடைகள் உண்டு. வீட்டிலுள்ளோருக்கு அத்தகைய மேடை இல்லை. ஆதலின் அவர்கள் பேசுவதற்குரிய இடத்தை எழுதுபவனே அமைத்துக் கொடுத்தல் வேண்டும். அவர்கள் விரும்பாத உண்மையை மறைக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. எழுதியதை அவர்கள் முன் வைத்து, அவர்கள் கூறுவதைக் கேட்கும் துணிவு வேண்டும் என்பதே.

கேட்போருக்கும் கடமை உண்டு. ஒரு கவிதையை ‘நன்று’ என்பதும், இலக்கணம் பிழைத்தது என்பதும் எளிது. அது காட்டும் வாழ்வைப் பற்றி ஒரு வினாவேனும் எழுப்புதலே அதற்குரிய மறுமொழி. சில வேளைகளில் அம்மறுமொழி கவிதையாகவே இருக்க வேண்டியதில்லை. நண்பன் வந்து சென்ற மறுநாள், வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு ஒன்றை வாங்கிக் கதவிற் பொருத்தினேன். அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று இப்போது தந்தையின் சட்டைப்பையில் இருக்கின்றது.

இக்கட்டுரையில் அம்மூன்றடிகளையும் சேர்க்கலாமா என்று அவரிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “போடு. ஆனா பைப்படியையும் சேர்த்துப் போடு” என்றார். அவ்வாறே செய்திருக்கின்றேன்.