கழுவாயும் பொறுப்பும்

தவறு செய்தவன் அதன் விளைவை நீக்கிவிட்டால், தவற்றினின்றும் விடுபட்டவன் ஆவானா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. பிழைக்குச் செய்யும் பரிகாரத்தைத் தமிழில் ‘கழுவாய்’ என்பர். கழுவுதலும் பிழை தீர்தலும் ஒரே சொல்லில் இணைந்து நிற்றல் கருதத்தக்கது. விளைநிலங்களிலிருந்து வடியும் நீரை நீர்த்தாவரங்களைக் கொண்டு தூய்மையாக்கும் முயற்சி, இவ்வினாவை இக்காலத்துக்குரிய வடிவில் எழுப்புகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒக்கிச்சோபி ஏரிக்குத் தெற்கேயுள்ள சதுப்பு நிலம் வடிக்கப்பட்டுப் பெருங் கரும்புத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அங்கிருந்து பொசுபரசு மிகுந்த நீர் எவர்கிளேட்ஸ் எனும் பெருஞ்சதுப்பினுள் பாய்ந்தது. அச்சதுப்பின் தாவரங்களோ ஊட்டம் குறைந்த நீரில் வாழப் பழகியவை. மிகை ஊட்டம் அவற்றுக்குக் கேடாயிற்று. அவை நின்ற இடங்களைச் சம்பு கவர்ந்துகொண்டது. 1994 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி, தோட்டங்களுக்கும் சதுப்புக்கும் இடையே செயற்கை ஈரநிலங்கள் அமைக்கப்பட்டன. இன்று அவற்றின் பரப்பு 50,000 ஏக்கருக்கும் மேலாகும். அங்கு நீரைத் தூய்மையாக்கும் தாவரங்களுள் ஒன்று அதே சம்பு. ஓரிடத்திற் கேட்டின் அடையாளமாயிருந்தது பிறிதோரிடத்தில் மருந்தாயிற்று.

ஆயினும் தாவரம் பொசுபரசை அழிப்பதில்லை. உறிஞ்சித் தன் உடலிற் சேர்க்கின்றது. அது மடிந்தபின் ஒரு பகுதி மீண்டும் நீரிற் கரைய, எஞ்சியது சேறாகப் படிகின்றது. நிலம் வரண்டு மீண்டும் நனையின், படிந்ததும் வெளிப்படக்கூடும். நீர் தூயதாயிற்று, அழுக்கு இடம் மாறியதேயன்றி மறையவில்லை. எனவே அதனை யார் காப்பது, யார் செலவை ஏற்பது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. மாசுபடுத்தியோரே அச்செலவுக்கு முதற்பொறுப்பாளர் என 1996 இல் அம்மாநில வாக்காளர் தம் அரசியலமைப்பில் விதித்தனர். தனிச் சட்டமின்றி அவ்விதி செயற்படாது என 1997 இல் மாநில உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது.

மாசு சிறிதுமின்றி வேளாண்மை செய்தல் இயலாது; ஆதலின் கழுவுதலே போதும் எனச் சிலர் வாதிடலாம். இவ்வாதத்தின் முற்பகுதி உண்மை. பிற்பகுதி அதனின்றும் பெறப்படுவதன்று. புளோரிடாவிலேயே, தோட்டங்களைவிட்டு வெளியேறும் பொசுபரசை மூலத்தில் 25 சதவீதம் குறைத்தல் வேண்டும் என்ற விதி ஈரநிலங்களுடன் உடனிருக்கின்றது.

கழுவுதற்கு இடமில்லாத நிலத்தை எண்ணின் இது மேலும் தெளிவாகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில், மிகையாக இட்ட பசளையின் நைத்திரேற்று நீருடன் கீழிறங்கிக் கிணற்றை அடைகின்றது. இடைநின்று காக்க நீர்த்தாவரம் எதுவுமில்லை. பசளையை அளவறிந்து இடும் கையே அங்குக் காவல்.

தவற்றைக் குறைக்க முயல்வோன், தன் முயற்சிக்கு அப்பால் எஞ்சியதற்குச் செய்வதே கழுவாய். குறைக்க மறுப்போனுக்கு அது வெறும் சாக்கு.