நடுக் கட்டத்தில் மூன்றே சீட்டு

உன் தலைக்குள் இப்போது எத்தனை வேலைகள் ஓடுகின்றன? பதினைந்தா, இருபதா? படுத்தால் தூக்கம் வராமல் ஒவ்வொன்றாக எழுந்து வந்து மிரட்டுகின்றனவா? உனக்குத் திறமை போதாது என்று நினைக்காதே! எழுதி வைக்க வேண்டியதையெல்லாம் மனத்தில் சுமக்கிறாய். இறக்கி வை!

ஒரு சுவர் போதும். இரண்டு கோடு கிழி. மூன்று கட்டம்: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. 'இணையதளம்' என்று எழுதி ஒட்டாதே, அது மலை. 'முகப்புப் பக்கத்துக்குப் படம் தேர்ந்தெடு' என்று எழுது. அதை இன்றே முடிக்கலாம்.

இந்த முறைக்குப் பெயர் கான்பான். ஜப்பானிய மொழியில் பலகை என்று பொருள். டொயோட்டா கார் நிறுவனத்தில் இதன் மூல வடிவத்தை வளர்த்தவர் தாயிச்சி ஓனோ. வாங்குபவர் எடுத்த அளவுக்கே அலமாரியை நிரப்பும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்தான் அவருக்கு வழிகாட்டி. அடுத்த பிரிவிலிருந்து சீட்டு வந்தால்தான் முந்தைய பிரிவு உதிரிபாகம் செய்யும். 1960-களின் தொடக்கத்தில் அது நிறுவனம் முழுக்கப் பரவியது. இரண்டாம் உலகப் போரில் நொடிந்த நாட்டில், குவித்து வைக்க வழியில்லாதவர்கள் கண்ட வழி அது! வசதி இல்லை என்று நீ எப்படிச் சொல்வாய்?

கோடு கிழிப்பது எளிது. உன் துணிச்சலுக்குச் சோதனை நடுக் கட்டம்தான். அங்கே மூன்று சீட்டுக்கு மேல் ஒட்டாதே. நான்காவது வேலை கதவைத் தட்டும். ஒன்றை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்! கணக்கும் உன் பக்கம்தான். ஒரு நாளைக்கு இரண்டு வேலை முடிப்பவன் பத்தைக் கையில் வைத்திருந்தால், ஒவ்வொன்றும் முடியச் சராசரியாக ஐந்து நாள். நான்கே வைத்திருந்தால் இரண்டு நாள். உழைப்பு அதே உழைப்பு! பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம் பாட்டிகள் சொன்னதும் இதைத்தான்.

குழுவாக வேலை செய்கிறீர்களா? காலையில் பலகை முன் நின்று வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். முடியும் தறுவாயில் இருப்பதற்கே முதல் கை. யாருடைய பதிலுக்காவது காத்திருக்கும் சீட்டில் சிவப்புப் புள்ளி வையுங்கள். அப்புறம் அந்தத் தாமதம் யார் கண்ணுக்கும் தப்பாது. செயலிகள் ஏராளம் உண்டு. முதல் மாதம் சுவரே போதும் என்பேன். கையால் சீட்டை நகர்த்தும்போது வரும் தெம்பு தனி.

பேனாவை எடு. மூன்று மாதமாகத் தள்ளிப்போடுகிறாயே, அந்த வேலையை முதல் சீட்டில் எழுது. நடுக் கட்டத்தில் ஒட்டு.