பக்கத்து இருக்கையின் பாரம்

பலர் சேர்ந்து போகும் பயணத்தில் வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? முன்னால் போகிறவருக்கா, பெரும்பான்மைக்கா, எல்லோரிலும் மெதுவாகவே போகக்கூடியவருக்கா? கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்வி மடுல்கெல்லைப் பக்கத்து இளைஞர் சிலரை ஒரு வார காலம் இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருந்தது.

அவர்கள் மோட்டார் சைக்கிள்களில் மன்னாருக்குப் போகத் திட்டமிட்டிருந்தார்கள். நக்கிள்ஸ் மலையடியில் மழையும் பனிமூட்டமும் தேயிலையுமாக வளர்ந்தவர்களுக்கு மணலும் வெயிலும் கடலும் ஒருங்கே கிடக்கும் நிலத்தின் மீது மோகம் இருப்பதில் வியப்பில்லை. இலங்கையில் உண்மையான பாலைவனம் கிடையாது. ஆனால் கல்பிட்டியிலிருந்து மன்னார் தீவு வரை நீளும் வரண்ட கரையோரம் அந்தச் சொல்லுக்கு மிக அருகில் வருகிறது. முட்புதர், பனை, மணல்மேடு, வீதியோரம் தன்பாட்டில் நிற்கும் கழுதைகள், அரபு வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் பெருக்கமரம். வேறொரு நாட்டுக்குள் நுழைந்தது போலவே இருக்கும்.

அவர்களின் கூட்டாளி ஒருவருக்குச் சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. அவரும் வர விரும்பினார். தன் வண்டிக்கு ஒரு சைட்கார் பொருத்தி அதில் அவரை ஏற்றிச் செல்லலாம் என்றார் அவருடைய மச்சான். மற்றவர்கள் தயங்கினார்கள். சைட்கார் பூட்டிய வண்டி நாற்பதுக்கு மேல் ஓடாது, வளைவுகளில் ஆபத்து, மணலில் புதையும், எல்லோருக்கும் இருப்பதோ இரண்டு நாள் லீவு. அவரை வேனில் அனுப்பினால் சொகுசாக வந்து சேர்வார், அவரும் அதே மன்னாரைத்தானே பார்க்கப் போகிறார் என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை இரக்கமற்றது என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமல்ல. யாரையும் விட்டுவிட்டுப் போக அவர்கள் நினைக்கவில்லை. வேன் கூலியைத் தாங்களே பங்குபோட்டுக் கொடுப்பதாகவும் சொன்னார்கள். ஒன்பது பேரின் நேரத்தை ஒருவருக்காகக் குறைப்பது நீதியா என்ற கேள்வியும் வெறும் சுயநலக் கேள்வியல்ல.

எனக்கு அதில் இடறுவது வேறொன்று. மன்னாரைப் போய்ச் சேர்வதுதான் நோக்கம் என்றால் பத்துப் பேருமே வேனில் போகலாம், செலவும் குறையும். மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தபோதே, தங்களுக்குப் பெரிது ஊரல்ல, வழிதான் என்று அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். முகத்தில் அறையும் காற்று, தம்புள்ளை தாண்டியதும் மாறும் வெக்கை, மதவாச்சியில் குடிக்கும் பிளேன்டீ, செட்டிகுளம் கழிந்து நேராக நீளும் வீதி, கடைசியில் இருபுறமும் ஆழமற்ற கடல் விரியும் பாலம் எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுக்கு மன்னார். தங்களுக்கு வழியையும் அவருக்கு ஊரை மட்டும் ஒதுக்குவது ஒரே பொருளை இரண்டு படியால் அளப்பதாகும். 'அதே மன்னார்' என்ற சொல்லில் உள்ள கோளாறு அங்கேதான்.

இனி, சைட்கார் என்ற பொருளையும் சற்றுக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறம் போவதால் அது வண்டியின் இடப்பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு பூட்டப்படும். பூட்டிய பின் அது மோட்டார் சைக்கிளே அல்ல. சாய்த்துத் திருப்ப முடியாது, கைப்பிடியைப் பிடித்து வலிந்து திருப்ப வேண்டும். வேகம் கூட்டினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், குறைத்தால் வலப்பக்கம் ஓடும். இடப்பக்க வளைவில் வேகமாகத் திரும்பினால் சைட்காரின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அப்போது அதை நிலத்தில் அழுத்திப் பிடிப்பது அதில் இருப்பவரின் எடைதான். வெறும் சைட்காரோடு ஓட்டுவதுதான் மிக ஆபத்து, ஆளில்லாத வேளையில் மணல் மூட்டை வைத்து ஓட்டுவார்கள். மடுல்கெல்லையிலிருந்து வத்தேகமைக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில், ஓட்டுபவர் அவரைச் சுமந்து போகிறார் என்பது எவ்வளவு உண்மையோ, அவரால் ஓட்டுபவர் விழாமல் போகிறார் என்பதும் அவ்வளவு உண்மை.

மணலில் போகாது என்பதும் அரைகுறைத் தகவல். 1941 முதல் 1943 வரை லிபியா, எகிப்துக் கரையோரப் பாலைநிலத்தில் ஜேர்மன் படையினர் ஓட்டிய பி.எம்.டபிள்யூ ஆர்75 வண்டியில் பக்கச் சக்கரத்துக்கும் இயந்திர விசை போகும். போர்க்கதை வேண்டாம் என்றால், தெரேசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரன் என்ற இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் 1934 டிசம்பரில் லண்டனில் புறப்பட்டு, சைட்கார் பூட்டிய ஒரு பாந்தர் வண்டியில் சகாராவைக் கடந்து, 1935இல் கேப்டவுன் போய்ச் சேர்ந்தார்கள். மெதுவாகத்தான் போனார்கள். மன்னார் வீதிக்கு அவ்வளவு தீரமும் தேவையில்லை, இன்று அது நல்ல தார்வீதி.

சுமக்கப்படுவதில் பலவகை உண்டு. 1344இல் இப்னு பதூதா புத்தளத்துக்கு வந்தபோது ஆரியச் சக்கரவர்த்தி அவரைப் பாவா ஆதம் மலைக்கு அனுப்பிவைத்தார். ஒரு பல்லக்கும் அதைத் தோளில் சுமக்க அடிமைகளும் கூடவே யோகிகளும் பிராமணரும் உணவு சுமப்போரும் கொடுக்கப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தக் குழுவில் சுமக்கப்பட்டவர்தான் பெரியவர். பல்லக்கில் இருப்பவரால் யாரும் காலதாமதம் ஆகிறது என்று அன்று ஒருவரும் முணுமுணுத்திருக்க முடியாது. நடக்க முடிந்தவர் சுமக்கப்பட்டால் அது மரியாதை, நடக்க முடியாதவர் சுமக்கப்பட்டால் அது தொல்லை! மனிதரின் கணக்கு அப்படித்தான் ஓடிவந்திருக்கிறது.

அதே கரையில் இன்னொரு கூட்டமும் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து தோணியேறி வந்தவர்கள் மன்னார்ப் பக்கம் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நாட்கணக்கில் நடந்தார்கள். அங்கிருந்து நம் மலைகளுக்கு ஏறினார்கள். இளைஞர்களின் பயணம் அந்தப் பாதையின் மறுதலைதான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களைக் கூட்டம் வழியிலேயே விட்டுச் சென்றது. எத்தனை பேர் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு, விடப்பட்டார்கள் என்பதில் இல்லை. கூட வந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். தண்ணீரும் அரிசியும் இத்தனை நாளுக்கு என்று அளந்து, மெதுவாக நடப்பவருக்கு இடமே இல்லாமல் முன்கூட்டியே போடப்பட்ட கணக்கு அது. கைவிடும் முடிவு பாதையில் எடுக்கப்பட்டது போலத் தெரிந்தாலும், உண்மையில் புறப்படும் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னார் தீவு மக்கள் படகுகளில் கல்பிட்டிக்கு வந்து இறங்கியதை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. இதை வாசிப்போரில் சிலர் அந்தப் படகுகளில் இருந்திருப்பீர்கள். நான் கேட்டறிந்தவர்களில் பலர் வீடு, நகை, தோட்டம் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாயில் கிடந்த உம்மாவை எப்படிக் கரைக்குக் கொண்டுவந்தோம் என்பதில்தான் நீண்ட நேரம் நின்றார்கள். கெடு வைத்துத் துரத்தப்பட்ட வேளையிலும் நடக்க முடியாதவரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் அந்தக் குடும்பங்கள் புறப்பட்டிருக்கின்றன. லீவு இரண்டே நாள் என்ற நியாயம் அதற்குப் பக்கத்தில் சற்று மெலிந்துதான் தெரிகிறது.

அப்படியானால் எப்போதும் மெதுவானவரே வேகத்தைத் தீர்மானிக்க வேண்டுமா? அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். முடியாமை வேறு, முயலாமை வேறு. வழியெல்லாம் படம் எடுத்து நின்று எல்லோரையும் காக்க வைப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. யானை நடமாடும் காட்டோர வீதியில் இருட்டிய பிறகு மெல்லப் போவது கருணையுமல்ல. அந்த நண்பருக்கும் கடமை உண்டு: எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவர் வாய்திறந்து சொல்ல வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு மதவாச்சியில் மயங்கி விழக்கூடாது. எந்த நேரத்துக்குப் புறப்படுவது, எங்கே தங்குவது என்ற பேச்சில் முதலிலிருந்தே அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தனக்காக முடிவெடுக்கப்படுவதும் தான் சேர்ந்து முடிவெடுப்பதும் ஒன்றல்ல. கணக்கும் அவர்கள் பயந்த அளவுக்கு மோசமில்லை. இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர், நாற்பதில் ஓடினால் ஆறு மணித்தியாலம், ஓய்வுக்கு மூன்று. சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் அஸருக்கு மன்னார்.

நபி (ஸல்) அவர்கள் பயணங்களில் பின்தங்கி வருவார்கள் என்றும், பலவீனமானவர்களின் வாகனங்களை ஓட்டிக்கொடுத்து, தமக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அவர்களுக்காகத் துஆச் செய்வார்கள் என்றும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. தலைவரின் இடம் முன்வரிசை என்று பழகிப்போன நமக்கு அது சற்று விசித்திரமாகக் கூடத் தோன்றலாம். ஆனால் கூட்டமாக மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் இதைக் கிதாபு பார்க்காமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். அனுபவம் மிகுந்தவரைத்தான் கடைசி வண்டியில் விடுவார்கள். காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் அவரிடந்தான் இருக்கும். முன்னால் போகிறவரின் ரயர் காற்றுப் போனால் பின்னால் வருகிறவர்கள் எப்படியும் அவரைக் காண்பார்கள். பின்னால் வருகிறவரின் ரயர் போனால், முன்னால் போனவர்களுக்கு அடுத்த தேநீர்க்கடை வரும்வரை அது தெரியவே தெரியாது.