உது எங்கட இல்லை

பிரதேச சபையின் மாதாந்த அமர்வு எங்கே நடந்தாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். வரவுப் பதிவேட்டில் ஒப்பம். தவிசாளர் வந்து அமர்வார். ஊரில் பெரியவர் யாரும் காலமாகியிருந்தால் ஒரு நிமிடம் எழுந்து நிற்பார்கள். பிறகு கடந்த மாதக் கூட்டறிக்கை; ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிவார். இடையில் யாராவது, "நான் அப்பிடிச் சொல்லேல்லை, திருத்திப் போடுங்கோ" என்று எழும்புவார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் நடந்தவற்றில் எழுத்தில் ஏறாமல் போனவைதான் அதிகம்.

*

காரைநகரையும் சேர்த்தால் தீவகத்துக்கு நான்கு சபைகள். நெடுந்தீவுக்குத் தனிச் சபை. நயினாதீவும் புங்குடுதீவும் வேலணைக்குள், அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைக்குள். நயினாதீவு உறுப்பினர் வேலணை அமர்வுக்குப் போவதென்றால் லோஞ்சில் குறிகாட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து, புங்குடுதீவு கடந்து, வாணர் பாலத்தில் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். பின்னேரம் கூட்டம் இழுபட்டால் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். நீண்ட பேச்சைச் சுருக்குவதில் நிலையியற் கட்டளைகளைவிடக் கடைசி லோஞ்சுக்கு வல்லமை அதிகம்.

*

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் மூன்று பெரிய பொறுப்புகளைச் சொல்கிறது: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள். அதோடு மக்களின் சௌகரியமும் நலனும். படிக்கும்போது ஒரு சிறிய அரசாங்கம் போலத் தெரியும். இறங்குதுறையில் போய் நின்று பார்த்தால் சங்கதி வேறு. நெடுந்தீவுக்குப் போகும் குமுதினிப் படகு வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. பெருந்தெருக்கள் அதற்கும் மாகாணத்துக்கும் உரியவை. தெருவிளக்கின் பல்ப் சபையுடையது, அதைத் தாங்கி நிற்கும் கம்பம் மின்சாரக்காரருடையது. நெடுந்தீவுக் குதிரைகள் வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகவும் ஆனது.

மிஞ்சுவது ஒழுங்கைகள், சந்தை, மயானம், நூலகம், குப்பை, கட்டாக்காலி மாடுகள்.

ஆனால் முறைப்பாடு இந்தப் பங்கீட்டைப் பார்த்து வருவதில்லை. 1985 மே 15இல் குமுதினியில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களை நெடுந்தீவு ஒவ்வொரு வைகாசியிலும் நினைவுகூர்கிறது. அதே படகு திருத்தவேலைக்குப் போய்த் திரும்பி வராத மாதங்களில் சனம் சபை உறுப்பினரைத்தான் மறித்துக் கேட்கும். குதிரைகள் தண்ணீரில்லாமல் விழுகிற கோடையிலும் அப்படித்தான். "உது எங்கட இல்லை" என்று சொல்லிவிட்டு எந்த உறுப்பினரும் அந்தத் தெருவால் மறுநாள் போக முடியாது. ஆகவே ஒரு பிரேரணை வரும்: உரிய திணைக்களத்துக்குக் கடிதம் அனுப்புவதெனத் தீர்மானிக்கப்பட்டது. அடுத்த மாதம்: பதில் கிடைக்கவில்லை, நினைவூட்டல் அனுப்புவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஏகமனதாக நடக்கும் காரியங்களில் பாதி நினைவூட்டல்தான்.

*

தண்ணீர் இல்லாத நிகழ்ச்சிநிரலை நான் கண்டதில்லை. இங்கே ஆறு கிடையாது. மழை சுண்ணக்கல்லுக்குள் ஊறி, உப்புநீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. வேலணையில் சாட்டிக் கிணறுகளும் நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகளும் அந்தப் படையின் நல்ல இடங்கள். இதன் கணக்குக் கொடுமையானது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே இருக்கும் அந்த ஒரு அடியை இறைத்து முடித்தால் உப்பு கீழிருந்து 40 அடி ஏறி வரும். மணல் அள்ளுவதைப் பற்றியும் மோட்டர் பூட்டி இறைப்பதைப் பற்றியும் சபையில் குரல் உயரும்போது இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையுமில்லை. கிணற்றுத் தண்ணீர் சவர்த்த ஆண்டு எல்லோர் நாக்கிலும் இருக்கிறது. கேள்வி எப்போதும் மிகச் சிறியதாகவே வரும்: "பவுசர் எத்தினை மணிக்கு வரும்? போன கிழமை நாங்கள் வேலைக்குப் போனாப் பிறகெல்லோ வந்தது."

*

சோலைவரிப் பதிவேடு வேறு மாதிரியான வாசிப்பு. பேர் இருக்கிறது, வளவு இருக்கிறது, ஆள் இல்லை. 1990களின் தொடக்கத்தில் தீவகம் பெருமளவில் வெறுமையானபின் புங்குடுதீவு ஆட்களை ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சுவிஸிலும் தேடவேண்டும். இங்கே கூரையில்லாத கல்வீடு, கிணற்றைச் சுற்றி முட்பற்றை, உள்ளே நுளம்பு. டெங்கு வந்தால், இத்தனையாம் திகதிக்குள் வளவைத் துப்புரவாக்கவும் என்று சபை அறிவித்தல் போடும். யாருக்கு? கேற்றில் ஒட்டிய தாள் வெயிலில் மஞ்சளாகும். யாரோ அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப, பனி கொட்டும் ஊரில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காசு போட்டுவிடுவார். அதுவும் நடக்கும், நடக்காமலும் போகும்.

வெளிநாட்டு ஊர்ச் சங்கங்கள் விளக்குப் போட்டுத் தருகின்றன, வாசிகசாலைக்குக் கூரை போடுகின்றன. நல்ல காரியம்தான். பல்ப் கருகினால் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியவர் சபைத் தொழிலாளி. அந்த ஏணிக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

*

பழைய கிராமசபைகளும் பட்டினசபைகளும் 1981இல் கலைந்தன. பிறகு வந்த பிரதேச சபைகளுக்கு யாழ் மாவட்டம் வாக்களித்த ஆண்டுகளை ஒரு கை விரலில் எண்ணலாம்: 1998, 2011, 2018, 2025. 2023 மார்ச் 9இல் நடக்க இருந்த தேர்தல் பணமில்லை என்று நின்றது. அதே மாதம் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்ட்டில் உயர்நீதிமன்றம் சொன்னது. இரண்டு ஆண்டுக்கு மேல் உறுப்பினர் இல்லை. செயலாளரே சபை.

அந்தக் காலத்திலும் பவுசர் ஓடியது, குப்பை அள்ளப்பட்டது, சம்பளம் போனது. அப்படியானால் உறுப்பினர் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேள்வி நியாயமானதும்கூட. என் கணிப்பில், அந்த இரண்டு ஆண்டில் இல்லாமல் போனது திரும்பத் திரும்பக் கேட்கிற வாய். ஒரு ஒழுங்கையில் மதகு உடைந்திருப்பதைச் செயலாளர் அறிவார், கோப்பிலும் போடுவார். மூன்றாம் மாதமும் எழும்பி "அந்த மதகு என்ன மாதிரி?" என்று சலிப்பூட்டுவதற்கு அந்த ஒழுங்கையில் வாக்குக் கேட்ட ஒருவர் வேண்டும்.

*

2025 ஜூன் 2இல் புதிய சபைகளின் காலம் தொடங்கியது. வேலணைச் சபைக்கு அது நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா நெருங்கும் காலம். ஆனியில் இரண்டு வாரத்துக்கு மேல், நாடெங்குமிருந்து சனம். தண்ணீர், மலசலகூடம், குப்பை என்று கொடியேற்றத்துக்கு முன்பே வேலை குவிந்துவிடும். படகில் வந்தவர்கள் படகில் போய்விடுவார்கள். தண்ணீர்ப் போத்தல்களும் சாப்பாட்டுப் பெட்டிகளும் தீவிலேயே நிற்கும். இந்த ஒன்றுக்கு மட்டும் எந்தத் திணைக்களமும் உரிமை கோராது. புதைத்தால் கீழே அந்த மெல்லிய நன்னீர். எரித்தால் புகை. கடல் கடத்திக் குறிகாட்டுவானில் இறக்குவதென்றால் படகுக் கூலி, அங்கிருந்து உழவு இயந்திரம், டீசல். நியாயமான வழி மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பாதீட்டில் ஒரு தலைப்புத் திறக்கவேண்டும், அது நிதிக் குழுவுக்குப் போய் வரவேண்டும், அதற்கிடையில் அடுத்த ஆனி வந்துவிடும்.