வேடமும் இரக்கமும்

உயிர்களிடத்து அன்பு செலுத்துதல் வேண்டும் என்பதனை மறுப்பார் எச்சமயத்தும் இலர். ஆயினும் அன்றாட வாழ்விலே அவ்வன்பினைச் செயலிற் காட்டும் அமயம் நேருங்கால் அதனைத் தடுத்து நிற்பது பெரும்பாலும் வன்னெஞ்சம் அன்று. ஏமாற்றப்படுவோமோ என்னும் அச்சமேயாம். பௌர்ணமிதோறும் விழுப்புரத்தினின்று முகையூர், திருக்கோவலூர்ப் பக்கங்களின் வழியே திருவண்ணாமலைக்குக் கிரிவலம் செல்லும் அன்பர் பலர். அங்கே காவியும் நீறும் தரித்துக் கையேந்துவாரைக் கண்டவுடன், "இவருள் மெய்த்துறவியர் எத்தனை பேர்?" என்று கூறி முகந்திருப்பிச் செல்வாரைக் காண்கின்றோம். மனைவிக்கு மருந்து வாங்க வேண்டுமென்று முன்பணம் கேட்கும் கூலியாளை, "நேற்றும் இப்படியே சொன்னாய்" என்று பலர் கேட்ப இகழ்வாரும் உளர். இவர்கள் கொடியர் அல்லர். கோயிலுக்கு வாரி வழங்குவோருமாவர். பொய்க்கு ஆளாகலாகாது என்பதே இவர்தம் கருத்து.

பொய் கலந்திருக்கலாம் என்னும் ஐயம் இரக்கத்தை நிறுத்தி வைத்தற்குப் போதிய காரணம் ஆகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வினா நம் சமய நூலின் நடுவிடத்தைத் தொடுவதாகும். பெண்ணையாற்றங்கரைத் திருவெண்ணெய்நல்லூரிலே 13-ஆம் நூற்றாண்டில் விளங்கிய மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் இயன்றது. அதன் இறுதிச் சூத்திரம், மலநீக்கம் பெற்று அன்பு நிறைந்த அடியாரது திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவன் எனவே கண்டு வழிபடுமாறு பணிக்கின்றது. இதனை நன்கு கற்ற ஒருவர் இவ்வாறு கடாவலாம்: "ஈண்டுச் சொல்லப்பட்டது அன்பு நிறைந்தாரது வேடமன்றோ? அன்பில்லான் பூண்ட வேடம் வெறுங்கோலமே. அதனை வழிபடுதல் நூற்கருத்தன்று. பொய்யை வளர்க்கும் பேதைமையேயாம்."

கடா வலியுடையதே. இதற்கு விடையாவது சொல்லன்று. ஒருவர் வாழ்ந்து காட்டிய செயல். முகையூருக்கு அணித்தேயுள்ள திருக்கோவலூர், அந்தகாசுரனைச் சிவபெருமான் அழித்த வீரட்டத் தலம். அங்கிருந்து சேதி நாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்துள்ளார். போரிற் பன்முறை தோற்ற முத்தநாதன் மேனி முழுவதும் நீறு பூசிச் சடைமுடி புனைந்து, புத்தகச் சுவடிபோல் தோன்றும் கட்டினுள் படைக்கலம் மறைத்து வந்தான். வேடத்தைக் கண்ட வாயில் காவலர் வழி விட்டனர். உள்வாயிலில் நின்ற தத்தன், அரசர் துயில்கின்றார் என்று தடுத்தும் அவன் நில்லாமற் புகுந்தான். எங்கும் இல்லாத ஆகமம் ஒன்று கொணர்ந்ததாகக் கூறிய அவனை நாயனார் உயர்ந்த ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் இருந்து வணங்கினார். வணங்கிய பொழுதே அவன் தான் நினைத்தது முடித்தான். ஓடிவந்த தத்தன் வாளை ஓங்கவும், வீழ்கின்ற நாயனார் அவனைத் தடுத்து, வந்தவர் நம்மைச் சார்ந்தவர் என உணர்த்தினார். ஊரவரால் இடையூறு நேராதபடி உடன் சென்று விட்டு வருமாறும் ஏவினார். சினந்து சூழ்ந்த நகரமாந்தரை விலக்கி, தத்தன் அவனை நகர்க்கு அப்பாற் கொண்டுபோய் விட்டு வந்து செய்தி கூறுமளவும் நாயனார் உயிர் தாங்கியிருந்தார்.

இதன்கண் நுணுகி நோக்கத் தக்கது ஒன்றுண்டு. வாள் பாயுமுன் நாயனார் வஞ்சகனை அறியாது வணங்கினார் எனலாம். வாள் பாய்ந்தபின் அறியாமை ஏது? வேடம் பொய் என்பது ஐயத்திற்கிடமின்றித் தெளிவாகிவிட்டது. அத்தெளிவு வந்த பின்னரும் அவர்தம் ஒழுக்கம் மாறவில்லை. ஆகவே அவர் வணங்கியது முத்தநாதனது தகுதியை அன்று; அவன் பூண்ட நீறு எதனைக் குறித்ததோ அதனை. குறி பொய்யனிடத்துத் தங்கியதனால் குறிக்கப்பட்ட பொருள் பொய்யாகிவிடாது. குற்றம் பூண்டவனைச் சாரும். வணங்கினார் வழிபாட்டில் குறை ஒன்றுமில்லை.

அற்றேல், கொலைஞனைக் காத்துவிடுதல் அரசநீதிக்கு ஏற்குமோ எனின், தமக்குச் செய்யப்பட்ட தீங்கைப் பொறுத்தல் வேறு. பிறர்க்குச் செய்யப்படும் தீங்கிற்கு உடன்படுதல் வேறு. நாயனார் விட்டுக்கொடுத்தது தம் உயிரை. அப்பொழுதும் அரசுரிமைக்கு உரியாரையும் அன்பரையும் அழைத்து, நீற்று நெறியிற் பிழையாதிருக்குமாறு கட்டளையிட்டே திருவடி அடைந்தார். இதனால், பிறர் பொருளைக் காக்கும் பொறுப்பில் இருப்பவன் வஞ்சகனுக்கு அதனை வாரிவிட உரிமையுடையன் அல்லன் என்பதும், கோயிற் பொருளையோ மடத்துப் பொருளையோ இரக்கத்தின் பெயரால் இழத்தல் இரக்கமாகாது என்பதும் தெளிக. தன்னளவில் வரும் இழப்பைக் குறித்தே நாம் பேசுகின்றோம்.

இனி, இதே திருமுனைப்பாடி நாட்டை ஆண்டவரும், சுந்தரமூர்த்தி நாயனாரை இளமையில் மகவாகக் கொண்டு வளர்த்தவருமாகிய நரசிங்க முனையரையர் செயலையும் நோக்குக. திருவாதிரை நாள்தோறும் அடியவர் ஒவ்வொருவர்க்கும் 100 பொன் வழங்குதல் அவர்தம் வழக்கம். ஒருமுறை நீறு பூசிய ஒருவர் நாணிழந்த கோலத்தோடு வந்தார். அருகிலிருந்தோர் அருவருத்து ஒதுங்கினர். முனையரையர் எதிர்சென்று வணங்கி அவர்க்கு 200 பொன் அளித்தார். ஒழுக்கம் இல்லாதவராயினும் நீறு அணிந்தவரை இகழ்ந்து உலகத்தார் நரகிற் புகாதிருக்க வேண்டுமென்பதே அவர் எண்ணம் என்று சேக்கிழார் காரணமும் கூறுகின்றார். வந்தவர்க்குக் காட்டிய இரக்கத்தைக் காட்டினும், ஒதுங்கி நின்று இகழ்ந்தார்க்குக் காட்டிய இரக்கம் இதில் மிகுதி. இகழ்ச்சியால் கெடுவது இகழப்பட்டவன் அல்லன், இகழ்ந்தவனே என்பதை அப்பெருமான் அறிந்திருந்தார்.

வேடம் பூண்டார்மாட்டு இஃது ஒக்கும். நீறும் சடையும் இல்லாத கூலியாளுக்கும் வழிப்போக்கனுக்கும் இஃது எங்ஙனம் பொருந்தும் எனின், கூறுதும். இறைவன் உயிர்க்குயிராய் இரண்டறக் கலந்து நிற்கின்றான் என்பது சித்தாந்தத் துணிபு. ஆதலின் ஒவ்வோர் உடம்பும் அவன் உறையும் இடமே. நடமாடும் கோயிலாகிய மக்கட்கு ஈந்தது ஆலயத்து இறைவனைச் சென்றடையும் என்னும் கருத்தைத் திருமூல நாயனாரும் திருமந்திரத்தில் அருளியுள்ளார். உயிரினிடத்துக் காணப்படும் பொய்யும் வஞ்சமும் மலத்தின் செயல்கள். நோயாளியின் மீது வீசும் நாற்றத்தை நோயின்பால் வைத்து எண்ணி, நோயாளிக்கு மருந்திடுகின்றோம் அல்லவா? அவ்வாறே மலத்தை வெறுத்து உயிரை நேசித்தல் கூடும்.

மேலும், பசிக்கு வேடம் இல்லை. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. அங்கே உண்ண வருவாரைச் சாதி யாது, சமயம் யாது என வினவுவதில்லை. நம் திருமடங்களிலும் மாகேசுர பூசையன்று பந்தியில் அமர்ந்தாரது உட்கிடையை ஆராய்ந்து இலை இடுவார் இலர். இருந்தவர்க்கெல்லாம் சோறு விழும். ஏமாற்றுவான் ஒருவன் ஒரு வேளைச் சோற்றைக் கவர்ந்தானாயின் அவனும் பசித்தவனே.

அங்ஙனமாயின் ஆராய்ச்சியே வேண்டாவோ? வேண்டும். அது நிற்கவேண்டிய இடத்தில் நிற்றல் வேண்டும். ஆராய்ச்சி கொடுக்கும் பொருளின் அளவையும் வகையையும் வரையறுக்கலாம். கொடுக்கும் அன்பை வரையறுத்தலாகாது. காசு கேட்பவன் அதனைக் கள்ளுக்குச் செலவிடுவான் என்று தோன்றினாற் சோறு வாங்கி அளிக்கலாம். மருந்திற்கென முன்பணம் கேட்கும் கூலியாளுடன் மருந்துக்கடைவரை ஒருவரை அனுப்பலாம். கொடுக்க இயலாத பொழுது இயலாமையை இன்சொல்லாற் கூறலாம். வைது அனுப்புதற்கு மட்டும் எந்த ஆராய்ச்சியும் நமக்கு உரிமை தருவதில்லை. இரந்தவன் பொய்யனாயின் நாம் இழப்பது சில ரூபாய். அவன் மெய்யனாக இருந்து நாம் வைதிருப்போமாயின் ஓர் உயிரின் உள்ளத்தைப் புண்படுத்தியவராவோம். இவ்விரு பிழைகளுள் எது பெரிது என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சிற் கேட்டுத் துணிக.

இன்னும் ஒன்று. வஞ்சகர்க்கு அஞ்சி அடைத்த கதவு நல்லார்க்கும் அடைபட்டதே. இங்ஙனம் நாள்தோறும் அடைத்துப் பழகிய நெஞ்சம் வீட்டினுள்ளும் திறப்பதில்லை. இரப்போர் சொல்லை ஐயுற்றுப் பழகியவன் மனையாள் சொல்லையும், முதிய தாயின் நோயையும், மகனது வருத்தத்தையும் ஐயுறுகின்றான். அன்பு என்பது ஓரிடத்து மூடி ஓரிடத்துத் திறத்தற்குரிய பெட்டியன்று. உயிரின் இயல்பாய்ப் பழகிவரும் ஒழுக்கம். திருமுன் நின்று கண்ணீர் பெருக்கும் பத்தியும், வாயிலில் நின்றான் ஒருவனுக்கு ஒரு குவளை நீர் தரும் இரக்கமும் ஒரே ஊற்றிலிருந்து வருவன. பின்னது வற்றினால் முன்னது நெடுநாள் நில்லாது.

மெய்ப்பொருள் நாயனார் குருபூசை கார்த்திகை உத்திரத்தில் நிகழ்வது. அந்நாளில் அவர் வரலாற்றை ஓதுவித்துக் கேட்கும் சிவநேயச் செல்வர்கள், உயிர்விடும் பொழுதிலும் தம்மைக் கொன்றவன் செல்லும் வழியைப் பற்றி அவர் கவலைகொண்ட அப்பகுதியைச் சற்றே நின்று சிந்திப்பார்களாக. பின்னர்க் கோயில் வாயிலில் அமர்ந்திருப்போரைக் கடந்து செல்லுங்கால், அவர் யார் எவர் என்னும் வினாவிற்கு முன் அவர் உண்டனரா என்னும் வினா தம் நெஞ்சில் எழுமாறு பழகுவார்களாக.

திருச்சிற்றம்பலம்.