எட்டில் ஒன்று

"போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தானோ" என்று எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் என் நைனாவைப் பற்றி இரக்கத்தோடுதான் சொன்னார்கள். சொன்னவர்கள் நல்லவர்கள். அவர் தூங்காத இரவுகளில் அம்மாவுக்குத் துணையாக வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள். ஆனாலும் அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஊரான கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனவை. அந்த ஆழத்தில் மேலிருக்கும் பாரமெல்லாம் பாறையை நெரிக்கும். தாதுவை வெட்டியெடுத்த வெற்றிடத்தில் அது திடீரென்று வெடித்துச் சிதறும். அதுதான் ராக் பர்ஸ்ட். மேலே வீடுகளில் பாத்திரம் உருளும். வேளை தப்பிச் சங்கு ஊதினால் பெண்கள் ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். அப்படியொரு நாளில் நைனா உயிரோடு மேலே வந்தார். கூட இறங்கிய கூட்டாளி வரவில்லை.

அதன்பின் நைனா கதவைத் தாழிட்டுத் தூங்கியதே இல்லை. தட்டு விழுந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வார். கூட்டாளியின் வீடு இருந்த தெருவில் கால் வைக்க மாட்டார். ஆறு வயதுத் தம்பி தீப்பெட்டிக்குள் கூழாங்கல்லை வைத்து மண்ணில் புதைப்பான், தோண்டுவான், மறுபடி புதைப்பான். சிரிப்பே இல்லாத விளையாட்டு. விட்டுப்போயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கமும் திரும்பியது. சுரங்கத்தையே பார்க்காத பிள்ளை அவன். பெற்றவருக்கு நேர்ந்ததை அறிந்தே குழந்தைக்கும் இந்த நோய் வரலாம் என்கிறது இன்றைய மருத்துவம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று இது அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் ஏறியதே 1980-இல்தான்.

அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் வேரூன்றிய ஊர் எங்களுடையது. அவர் எழுத்துகளை நூலாக்கிய சித்தார்த்த புத்தகசாலை எங்கள் ஊரின் சாம்பியன் ரீஃப் பகுதியில்தான் இருந்தது. அதனால், நைனா பட்டது முன்வினையாலா என்ற என் கேள்வியைப் புத்தரிடமே கொண்டுபோகிறேன். சம்யுத்த நிகாயத்தில் சீவகர் என்ற துறவி இதையே கேட்கிறார்: மனிதன் படுவதெல்லாம் முன்வினையாலா? இல்லை என்கிறார் புத்தர். பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடிக் கெடுதல், பருவ மாற்றம், பேணாத உடம்பு, தாக்குதல் என ஏழு காரணங்களைச் சொல்லி, எட்டாவதாகத்தான் வினைப்பயனை வைக்கிறார். எல்லாமே முன்வினை என்பவர் தாமே கண்டறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார் என்பது அவர் முடிவு. சிதறிய பாறையை நான் ஏழாவதில் சேர்ப்பேன்.

அம்மாவுக்குக் கர்மம் ஆறுதலாக இருந்தது. காரணமே இல்லாமல் இப்படி நடக்கும் உலகத்தில் பிள்ளை வளர்ப்பது எப்படி என்பது அவர் பயம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆறுதலுக்கு விலை கொடுத்தது நைனா. "அவன் போனதுக்கு நான்தான் காரணம்" என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தவர் காதில், பாவம் என்ற சொல் தீர்ப்பாகவே விழுந்தது. தப்பிப் பிழைத்தவரைக் குற்றவாளியாக்கும் எந்த விளக்கமும் தர்மமாகாது.

துக்கத்துக்குக் காரணம் உண்டு, காரணம் நீங்கினால் துக்கமும் நீங்கும் என்றவர் புத்தர். பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி, பயந்து ஒதுக்கிய இடங்களுக்கு மெல்லத் திரும்பிப் போகும் சிகிச்சை பலரைக் குணப்படுத்தியிருக்கிறது. சிறுவர்களுக்கு விளையாட்டும் படமும் பேச்சுக்கு வழி திறக்கும். எங்கள் வீட்டுக்கு அது வந்து சேரவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகும் நைனா கதவைத் திறந்துவைத்தே படுத்தார்.

உங்கள் வீட்டில் ஒருவர் பெரிய ஆபத்திலிருந்து மீண்டு ஒரு மாதம் கடந்தும் இப்படி இருந்தால், ஜாதகத்தை எடுக்கும் முன் 14416-ஐ அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.