‘தெரியாது’ என்பதும் பொய்யாகுமா?

இங்கிலாந்தில் ஒருவர் தன்னுடைய 2002-ஆம் ஆண்டு போர்ஷே 911 காரை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்பதரைக்கே என்ஜினைக் கிளப்பி ஓடவிட்டு அணைத்துவிடுகிறார். ஆறிக் கிடந்த என்ஜின் உயிர்பெறும் முதல் சில நொடிகளில் மட்டும் கேட்கிற செயின் சத்தம் வந்தவர் காதில் விழவே விழாது. விற்பவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை. விவரம் தெரிந்த மெக்கானிக் போனவுடன் குனிந்து சைலன்சர் குழாயைத் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

பேசாமல் இருப்பது ஏமாற்றுவதாகுமா என்ற இந்தக் கேள்விக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். கி.மு. 44-இல் ரோமானிய அறிஞர் சிசரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காக எழுதிய ‘கடமைகள்’ நூலின் மூன்றாம் பகுதியில் இதை விரிவாக அலசுகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னாலேயே இன்னும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்கிறார் பாபிலோனைச் சேர்ந்த ஸ்டோயிக் தத்துவவாதி டயோஜெனிஸ்: சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு. அவருடைய மாணவரான ஆன்டிபேட்டர் குருவையே மறுக்கிறார்: விற்பவருக்குத் தெரிந்ததெல்லாம் வாங்குபவருக்கும் தெரிய வேண்டும். அடுத்து சிசரோ ஒரு வீட்டைக் கொண்டுவருகிறார். மரவேலை மோசம், இடிந்து விழும் நிலை, எல்லாப் படுக்கையறைகளிலும் பாம்பு. வீட்டுக்காரருக்கு மட்டுமே இது தெரியும். சிசரோவின் தீர்ப்பு ஆன்டிபேட்டர் பக்கம்தான்.

சமய மரபுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கின்றன. யூதர்களின் மிஷ்னா, விற்பனைக்கு வரும் கால்நடையையும் பாத்திரத்தையும் பளபளப்பாக்கி உள்ளதைவிட நல்லதாகக் காட்டக் கூடாது என்கிறது. நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சி ‘சஹீஹ் முஸ்லிம்’ தொகுப்பில் இருக்கிறது. விரல்களில் ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் ஈரத்தை மேலே போட்டிருக்கலாமே, மக்கள் பார்த்திருப்பார்களே என்று கேட்டார் நபி. மழை பெய்தது வியாபாரியின் குற்றமில்லை. காய்ந்ததை மேலே வைத்தது அவர் கை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதில் ஒரு கோடு போட்டார். ஒற்றைக் கண் குதிரையை விற்பவர், அந்தக் குறைக்கு ஏற்றபடி விலையைக் குறைத்திருந்தால், அதை வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, பார்த்தாலே தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத குறையைத்தான் சொல்லியாக வேண்டும். குதிரைச் சந்தைக்கு இது சரியான கோடு. ஆனால் இன்றைய ஸ்போர்ட்ஸ் காரில் கண்ணுக்குத் தெரிவது எது? பெயின்ட் கனத்தை அளக்கும் சிறு கருவியை உலோகக் கதவின்மேல் வைத்தால், கம்பெனி பூச்சு என்றால் 100 முதல் 150 மைக்ரான் என்ற அளவில் காட்டும். அடிபட்டுப் பட்டி போட்ட இடத்தில் எண் பல மடங்கு எகிறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியே கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே விட்டால் சிலிண்டர் சுவரில் விழுந்த கீறல் திரையில் தெரிகிறது.

இவற்றையெல்லாம் மிஞ்சுவது என்ஜின் கம்ப்யூட்டர். ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்கு இறக்கப்போய் இரண்டில் போட்டுவிட்டால் சக்கரங்களே என்ஜினை வரம்பு மீறிச் சுழற்றிவிடும். எரிபொருளை நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு அங்கே செல்லாது. போர்ஷே கம்ப்யூட்டர் இந்த மீறல்களைப் படிநிலை வாரியாகக் குறித்துவைக்கிறது, என்ஜின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்பது உட்பட. சித்திரகுப்தன் கணக்கு என்றே சொல்லலாம், ஒரே வித்தியாசம்: வினை செய்தவர் ஒருவர், பலனை அனுபவிப்பவர் அடுத்துப் பணம் கொடுத்து வாங்குபவர்.

ஆக, கருவி வைத்திருப்பவருக்குக் குறை வெளிப்படை, இல்லாதவருக்கு மறைவு. ‘சோதித்துப் பார்த்திருக்கலாமே’ என்று விற்பவர் இன்று சொல்ல முடிவது இதனால்தான். இந்த வாதம் நிற்காது. சோதனை வாங்குபவரின் உரிமை. அவர் அதைப் பயன்படுத்தவில்லை என்பதால் விற்பவரின் கடமை கரைந்துவிடுவதில்லை. சந்தைக்கு வந்த எவர் வேண்டுமானாலும் அந்தக் குவியலுக்குள் கையை விட்டிருக்கலாம். ஆனாலும் கேள்வி வியாபாரியிடம்தான் கேட்கப்பட்டது.

இன்னும் நுட்பமான ஒரு நிலை இருக்கிறது. விற்பவருக்கே தெரியாவிட்டால்?

1990-களின் இறுதியில் வந்த போர்ஷே பாக்ஸ்டரிலும் 996 ரக 911-லும் உள்ள என்ஜினில், கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே ஓர் இடைத்தண்டு ஓடுகிறது. வால்வுகளை இயக்கும் செயின்களுக்கு விசை அதிலிருந்துதான் போகிறது. அதன் ஒரு முனையைத் தாங்கும் மூடிய பேரிங் தேய்ந்து உடைந்தால் செயின் நேரம் தவறி, வால்வும் பிஸ்டனும் மோதி, என்ஜினே பழைய இரும்பாகிவிடும். அமெரிக்காவில் இதற்காகக் கார் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013-இல் சமரசம் ஏற்பட்டது. 2009 மாடல் புதிய என்ஜினில் அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான பழைய என்ஜின்கள் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பேரிங்கைப் பார்க்க வேண்டுமானால் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். ஆனால் அது தேயத் தொடங்கிவிட்டதா என்று மோப்பம் பிடிக்க எளிய வழி உண்டு: ஆயில் மாற்றும்போது ஃபில்டரின் காகித மடிப்புகளை வெட்டி விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. மினுக்கும் துகள் இருந்து, அது காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. விஷயம் தெரிந்த உரிமையாளர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். சிலர் விற்கப் போகும் மாதத்தில் மட்டும் செய்வதில்லை.

அந்தச் சிலரைப் பற்றி ஆங்கிலேயக் கணித அறிஞரும் தத்துவவாதியுமான வில்லியம் கிளிஃபர்ட் 1877-இலேயே எழுதிவிட்டார் என்று தோன்றும். ‘நம்பிக்கையின் அறம்’ என்ற பொருளில் அவர் எழுதிய கட்டுரை ஒரு கப்பல் முதலாளியோடு தொடங்குகிறது. கப்பல் பழசு, பலமுறை பழுது பார்த்தது. குடும்பம் குடும்பமாகப் பிழைப்புத் தேடிப் போகும் மக்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். முழுக்கப் பிரித்துச் சரிபார்ப்பது நல்லது என்று சந்தேகம் எழுகிறது, செலவும் பெரிது. எத்தனையோ புயலைத் தாண்டி வந்த கப்பல்தானே, இந்த ஏழைகளை இறைவன் கைவிடுவானா என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார். கடைசியில் கப்பல் பத்திரமானது என்று உண்மையாகவே நம்பி வழியனுப்புகிறார். நடுக்கடலில் அது மூழ்குகிறது. இன்சூரன்ஸ் பணம் கைக்கு வருகிறது. அவர் நம்பியது நிஜம், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபர்ட். கப்பல் நல்லபடியாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே.

காரில் உயிர்ப்பலி இல்லை, பணம்தான் போகும். ஆனால் மனம் வேலை செய்யும் விதம் அச்சு அசலாக அதேதான். ஃபில்டரை வெட்டாமல் தூக்கிப் போட்டவர் பிறகு ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொன்னால் அது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அந்த உண்மையை அவர் உருவாக்கிக்கொண்டார். காரை வாங்கி எட்டு மாதமே ஆன, மெக்கானிக் வாசலை மிதிக்காத ஒருவரின் ‘தெரியாது’ வேறு. ஆபத்து இன்னதென்று அறிந்து கண்ணை மூடிக்கொண்டவரின் ‘தெரியாது’ வேறு. டயோஜெனிஸும் ஆன்டிபேட்டரும் தெரிந்ததைச் சொல்வது பற்றி மட்டுமே வாதாடினார்கள். தெரியாமல் இருக்கப் பாடுபடும் ஆளை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

வாங்குபவரும் யோக்கியர் என்று சொல்லிவிட முடியாது. இருபது வயதில் சுவரொட்டியில் பார்த்து ஏங்கிய கார் ஐம்பது வயதில் கைக்கெட்டும் விலையில் நிற்கும்போது, மெக்கானிக்கின் குறிப்பில் பாதி அவர் கண்ணில் படாது. டயர் ஓரத்தில் ‘2312’ என்ற நான்கு இலக்கம் இருந்தால் அது 2012-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது என்று பொருள். பட்டன் நிறைய இருக்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொள்வார், ரப்பர் காய்ந்துபோனதைப் பார்க்க மாட்டார். சில நூறு பவுண்டு செலவழித்துத் தனிப்பட்ட சோதனை செய்யாமல் விடுவதற்கு, பணத்தைவிடப் பெரிய காரணம் கனவு கலைந்துவிடுமோ என்ற பயம். கப்பல் முதலாளியின் உறவுக்காரர்தான் இவரும். நஷ்டம் சொந்தக் கைக்கு வருகிறது என்பதால் கொஞ்சம் இரங்கலாம்.

இங்கிலாந்துச் சட்டம் எங்கே நிற்கிறது? வியாபாரியிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் துணைக்கு வரும். குறையுள்ள காரை 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். தனிநபர் விற்றால் டயோஜெனிஸின் ஆட்சிதான்: குறைகளைத் தாமாக எடுத்துச் சொல்லும் கடமை பொதுவாக அவருக்கு இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் சொன்னால் 1967-ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டத்தின்கீழ் வாங்கியவர் நிவாரணம் கேட்கலாம். எனவே காரை லிஃப்டில் ஏற்றுவதற்கு முன்பே கேள்விகளை எழுத்தில் அனுப்பிவிடுங்கள்: விபத்து உண்டா, என்ஜினை எப்போதாவது பிரித்தார்களா, பேரிங் மாற்றிய ரசீது இருக்கிறதா, கடைசி ஃபில்டரை வெட்டிப் பார்த்தது யார். ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுக்கும் சட்டத்தில் வழி உண்டு. ‘தெரியாது’ என்று பதில் வந்தால் சட்டத்தை அதிகம் நம்ப முடியாது. புது ஃபில்டரை எடுத்துக்கொண்டு போய், பழையதைக் கழற்றி நீங்களே வெட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.